அந்தத் திண்ணை வீடு எங்கேன்னு கேட்டவங்களுக்கு



இந்தத் தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் ரோட்டுல நடந்து வந்த நம்ம நண்பர்கள் நாலஞ்சு பேர் எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருந்தீங்க. "ப்ரோ, புது ஆயக்குடியில ஒரு நீலத் திண்ணை வீடு இருக்குமே, பெரியவர் ஒருத்தர் மோர் ஊத்துவாரே, அதைக் காணோமே?"

மோர் ஊத்தினவர் எங்க அப்பா. 2024 ஆனி மாசம் இறந்துட்டார். வீட்டை வித்தது நான்தான். இப்போ அந்த இடத்துல அஸ்திவாரம் தோண்டியிருக்காங்க. கடை வரப்போகுது.

எல்லாருக்கும் "வித்தாச்சு ப்ரோ"ன்னு பதில் போட்டேன். ஒருத்தர் மட்டும் திரும்பக் கேட்டார்: "எப்படி மனசு வந்துச்சு?" அதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்ல முடியல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். சின்ன வயசுல அவர் தோள்ல தொங்குற தோல் பையைப் பார்த்தா எனக்கு நாமதான் ஊர்லயே பணக்காரங்கன்னு தோணும். ஒரு நாள் கேட்டே விட்டேன், இவ்ளோ காசு இருக்கே, ஒரு கிரிக்கெட் பேட் வாங்கித் தரக்கூடாதான்னு. சிரிச்சுட்டு சொன்னார்: "பைதான்டா என் தோள்ல தொங்குது. காசு என்னுது இல்ல." டிப்போவுல கணக்குக் கட்டும்போது ரெண்டு ரூபா குறைஞ்சா சொந்தப் பாக்கெட்டுல இருந்து போட்டுட்டு வருவார். அதுக்கு அம்மாகிட்ட திட்டும் வாங்குவார்.

வீடு மூணரை சென்ட். லோன் போட்டு, பி.எஃப்.ல எடுத்து, பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினது. மாடியில நின்னா மலை தெரியும். ராத்திரியில படிக்கட்டு விளக்கு வரிசையாத் தெரியும். ரோட்டைப் பார்த்த திண்ணையை அப்பா வேணும்னே அகலமா வச்சார். பூசத்துக்கு மூணு நாள் முன்னாடி ரெண்டு அண்டா மோர் ரெடியாகும். காரைக்குடி, சிவகங்கை, மதுரைப் பக்கத்துல இருந்து நடந்து வர்ற சாமிங்க திண்ணையில காலை நீட்டிப் படுத்துருவாங்க. கொய்யா சந்தைக்காரங்க சின்னக் காயா ஒரு கூடை கொண்டு வந்து வச்சுட்டுப் போவாங்க. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இது நடந்திருக்கு. அம்மா போன வருஷம்கூட நிக்கல.

அப்பாவோட உயில் ஒரே பக்கம். வீட்டை வித்து, செலவும் கடனும் போக மிச்சத்தை மகளுக்கும் மகனுக்கும் சரிபாதியாப் பிரிக்கணும். நிறைவேத்துற பொறுப்பு மகனுக்கு. கீழே ரெண்டு சாட்சிக் கையெழுத்து. திண்ணையைப் பத்தியோ மோரைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல.

உயிலை நிறைவேத்துறவர்னா, இங்கிலீஷ்ல எக்ஸிகியூட்டர். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரோட சொத்து அவர் பொறுப்புல வந்து நிக்கும். விக்கிற அதிகாரமும் அவருக்கு உண்டு. நாங்க வித்தப்போ, சென்னை நகர எல்லை மாதிரி சில இடங்களுக்குத்தான் கோர்ட்ல போய் ப்ரொபேட் வாங்கணும்னு இருந்துச்சு. ஆயக்குடிக்குத் தேவைப்படல. அதாவது என்னைக் கேட்க மேல யாருமே இல்ல. இது வசதின்னு முதல்ல நினைச்சேன்.

முதல்ல எனக்கு வந்த யோசனை வீட்டை நானே வாங்கிக்கிறது. பெங்களூர்ல வேலை, சம்பளம் பரவால்ல, லோன் கிடைக்கும். வழிகாட்டி மதிப்பைப் பார்த்து ஒரு விலை போட்டு அக்காவுக்குப் பாதி குடுத்துட்டா முடிஞ்சது. அக்காவும் பேரம் பேச மாட்டா. வக்கீல்கிட்ட சொன்னேன். அவர் சட்டத்துல 310ஆவது பிரிவைக் காட்டினார். எக்ஸிகியூட்டரே நேரடியாவோ மறைமுகமாவோ சொத்தை வாங்கினா, அதுல பங்கு உள்ள மத்தவங்க அந்த விற்பனையை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்கலாம்.

நம்மள்ல பாதிப்பேர் ஐடி. உங்களுக்கு இது சட்டுனு புரியும். நாம எழுதின கோடுக்கு நாமளே அப்ரூவல் குடுக்க முடியாது. கோடு நல்லாவே இருக்கலாம், ஆனா அதைச் சொல்ல வேண்டியது நாம இல்ல. "அக்கா பேரம் பேச மாட்டா"ன்னு நான் எதை வசதியா நினைச்சேனோ, அதுதான் நான் வாங்கக் கூடாதுங்கிறதுக்குக் காரணமே. வெளியாள் வாங்கினா அக்காவுக்காக நான் பேரம் பேசுவேன். நானே வாங்கினா அவளுக்காகப் பேச யாரு இருக்கா?

அந்த யோசனையை அத்தோட விட்டேன். ரொம்ப நேர்மையானவன்னு என்னைப் பத்தி எனக்கே ஒரு திருப்தி வேற. உண்மையில நான் தடுக்கி விழுந்தது அடுத்த இடத்துல.

ரெண்டு பேர் வாங்க வந்தாங்க. முதல் ஆள் ஒட்டன்சத்திரத்துக்காரர், ரிட்டயர் ஆனவர், பழைய பாதயாத்திரைக்காரர். 38 லட்சம் சொன்னார். வீட்டை இடிக்க மாட்டேன், பூசத்துக்கு மோர் ஊத்துறதை நிறுத்தவும் மாட்டேன்னார். அப்பா கையால பல வருஷம் மோர் குடிச்சவர். பேசும்போதே கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான். "அண்ணே, வீடு உங்களுக்குத்தான்"னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அட்வான்ஸ் வாங்கல. ஆனா சொன்னது சொன்னதுதான்.

பத்து நாள் கழிச்சு ரெண்டாவது ஆள். ரோட்டு மேல இடம், கடை கட்டணும். 43 லட்சம்.

அஞ்சு லட்சம் வித்தியாசம். மூணு வாரம் அக்காகிட்ட இதைச் சொல்லல.

ஏன் சொல்லலன்னு யோசிக்கிறேன். பணம் எனக்குப் பெருசா இல்ல. என் பங்குலயும்தானே ரெண்டரை லட்சம் போகுது, நான் ஒண்ணும் சம்பாதிக்கலயேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்பா இருந்திருந்தா ஒட்டன்சத்திரத்துக்காரருக்குத்தான் குடுத்திருப்பார், அவர் மனசு எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டேன். முருகனுக்கு நடந்து வர்றவங்களுக்கு நிழல் குடுக்கிற விஷயம், இதுல போய் லாபக் கணக்கா, அப்படின்னும் சொல்லிக்கிட்டேன். மூணுமே கேட்க நல்லா இருக்கு. அதான் பிரச்சனை. கெட்ட காரணமா இருந்திருந்தா ராத்திரி தூக்கம் வராம அப்பவே மாட்டியிருப்பேன்.

அந்தச் சமயம் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஒரு பையன்கிட்ட சும்மா இந்த எக்ஸிகியூட்டர் கதையைச் சொல்லிட்டிருந்தேன். அவன் சென்னை பச்சையப்பன் கல்லூரியில படிச்சவன். "எங்க காலேஜே ஒரு உயில் கேஸ்ல பொறந்ததுதான் மச்சி"ன்னான். எனக்குத் தெரியாது. போய்ப் படிச்சேன்.

பச்சையப்ப முதலியார் 1754ல பிறந்தவர். கம்பெனி காலத்துல துபாஷி வேலையும் வியாபாரமுமாப் பெரும் பணம் சேர்த்தவர். 1794ல, நாப்பது வயசுல இறந்தார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி உயில் எழுதி, சொத்தைக் கோயில் தர்மங்களுக்கு விட்டிருந்தார். அந்த தர்மம் ஒழுங்கா நடக்கல. பொறுப்புல இருந்தவங்க கையில பணம் தங்கிடுச்சு, குடும்பத்துக்குள்ள வழக்கு, வருஷக்கணக்கா இழுத்துச்சு. அன்னைக்கு சென்னையில இருந்த சுப்ரீம் கோர்ட்டுல விவகாரம் தீர்ந்து, பணம் அறங்காவலர்கள் கைக்கு வந்தப்போ வட்டி சேர்ந்து தொகை பெருகியிருந்துச்சு. கோயில் தர்மத்துக்கு வேண்டியதை ஒதுக்கின பிறகும் பெரிய மிச்சம். அந்த மிச்சத்தைப் படிப்புக்குச் செலவழிக்கலாம்னு முடிவாச்சு. அட்வகேட் ஜெனரலா இருந்த ஜார்ஜ் நார்ட்டனுக்கு அதுல பெரிய பங்கு. 1842ல பள்ளிக்கூடம் தொறந்தாங்க. அதுதான் பின்னாடி கல்லூரி ஆச்சு. கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் படிச்ச இடம், அறிஞர் அண்ணா படிச்ச இடம்.

1794ல எழுதினதுக்கு 1842ல பலன். 48 வருஷம். முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் வேற ஒண்ணு உறைச்சது. அந்த 48 வருஷமும் பணத்தைக் கையில வச்சிருந்தவங்க எல்லாரும் திருடங்களாத்தான் இருந்திருக்கணும்னு அவசியமில்ல. "அவர் மனசு எங்களுக்குத்தான் தெரியும், நேரம் வரும்போது செய்வோம்"னு நினைச்ச ஒருத்தராவது அதுல இருந்திருப்பார். என்னை மாதிரி.

இன்னொண்ணும் இருக்கு. பச்சையப்பர் எழுதினது கோயில் தர்மம், நடந்தது பள்ளிக்கூடமும் சேர்த்து. எழுதினதைத் தாண்டிப் போயிருக்காங்க. அது தப்பா? எனக்கு அப்படித் தோணல. காரணம், அதை ஒரு ஆள் தன் மனசுக்குள்ளயே முடிவு பண்ணல. கணக்கைக் கோர்ட்ல விரிச்சு வச்சு, வாதம் பண்ணி, எல்லாருக்கும் தெரிய மாத்தினாங்க. நான் பண்ணினதும் ஒரு மாத்தம்தான். "நல்ல விலைக்கு வித்து சரிபாதி"ங்கிறதை "மோருக்கு வசதியா வித்து சரிபாதி"ன்னு மாத்திட்டேன். யார் முன்னாடியும் வைக்கல. இறந்தவர் எழுந்து வந்து "நான் அப்படிச் சொல்லலையே"ன்னு சொல்லப் போறதில்லங்கிற தைரியம்.

கண்டக்டரா இருந்த மனுஷன், பத்துக் காசு பாக்கியைக்கூட டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தவர், திண்ணையைப் பத்தி எழுத மறந்தா இருப்பார்? வேணும்னுதான் எழுதாம விட்டிருப்பார்னு இப்போ தோணுது. ஆனா அதுவும் என் ஊகம்தான். அவர் மனசு தெரியும்னு மறுபடி ஆரம்பிக்க விரும்பல.

சனிக்கிழமை கிளம்பித் திருப்பூர் போனேன். அக்கா அங்கதான் இருக்கா. ரெண்டு விலையையும் சொன்னேன், மூணு வாரம் சொல்லாததையும் சொன்னேன். மாமா பக்கத்துல உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் பேசல. அக்கா உள்ள போய் ஒரு பேங்க் ரசீதை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சா. அம்மாவோட ரெட்டை வடச் சங்கிலி அடமானத்துல இருக்கு. மாமா வேலை பார்த்த பனியன் கம்பெனியில ஆர்டர் இல்லாம ஆறு மாசமா சரியா சம்பளம் வரல. பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வச்சிருக்காங்க. அசலும் வட்டியும் சேர்த்தா ரெண்டே கால் லட்சம்.

எனக்கு இது தெரியாது. அவளும் சொல்லல, நானும் கேட்கல.

"மோர் ஊத்துறது நல்லதுதான்டா தம்பி," அப்படின்னா. "அதை என் காசுல ஊத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவ குரல் உயரவே இல்ல. அதுதான் இன்னைக்கும் காதுல நிக்குது.

அப்புறமும் நான் ஒரு தடவை முயற்சி பண்ணேன், மறைக்கல. அப்பா பேரு, நடந்து வர்ற சாமிங்க, எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டா. ஜாஸ்தி குடுக்கிறவருக்கே குடுத்துருன்னா. "உன் பாதியில நீ எவ்ளோ வேணா மோர் ஊத்து, நான் வந்து இஞ்சி தட்டித் தர்றேன்." ஒரு நிமிஷம் எனக்கு அவ மேல கோபம் வந்துச்சுங்கிறதையும் எழுதிடுறேன். பக்தி இல்லாதவன்னு ஒரு வார்த்தை மனசுல ஓடுச்சு. அம்மா சங்கிலியை மீட்கணும்னு நினைக்கிறவளைப் பார்த்து.

நம்ம ஊர்ல சொத்துப் பிரிக்கிறதுன்னு பேச்சு எடுத்தாலே யாராவது ஞானப்பழக் கதையை ஆரம்பிச்சுருவாங்க. பழம் அண்ணனுக்குப் போச்சு, தம்பி கோவிச்சுக்கிட்டு இங்க வந்து ஆண்டியா நின்னார், அதனால விட்டுக் குடுத்தவன் கெட்டுப் போறதில்ல, இத்யாதி. சந்தையில ஒரு பெரியவர் இதையே என்கிட்ட திருப்பிச் சொன்னார்: "உங்க அக்காவை விட்டுக் குடுக்கச் சொல்லு தம்பி, பொம்பளப் புள்ளைக்குத்தான் சீர் செஞ்சாச்சே." தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு சட்டம் 1989லயே வந்தாச்சு. இது அப்பா சொந்தமா சம்பாதிச்ச வீடு, அந்தச் சட்டமே தேவையில்ல, அவரே சரிபாதின்னு எழுதியிருக்கார். அதை விடுங்க. அந்தக் கதையில பழம் யார் கையில இருந்துச்சுன்னு யாரும் யோசிக்கிறதில்ல. அப்பன் கையில இருந்துச்சு. ரெண்டு பிள்ளையில ஒருத்தர் கையில குடுத்து "நீயே பிரிச்சுக்கோ"ன்னு சொல்லல. என் விஷயத்துல போட்டியாளனும் நான், நடுவரும் நான். முருகன் விட்டுட்டுப் போனது தனக்கு வர வேண்டியதை. நான் விட்டுக் குடுக்கக் கிளம்பினது அக்காவுக்கு வர வேண்டியதை.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிடுறேன். கடைக்காரர் பக்கத்துப் புரோக்கர் வந்து, பத்திரத்துல வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுக்கலாம், மீதியைக் கையில ரொக்கமாத் தர்றோம்னார். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூத்துக்கு ஒன்பது ஆகுது, அவங்களுக்கு மிச்சம். ஊர்ல எல்லாரும் இப்படித்தான் தம்பின்னார். முழுத் தொகையும் பத்திரத்துல வரணும், பேங்க்ல வரணும்னு சொன்னேன். இதுல நேர்மையைவிட பயம்தான் ஜாஸ்தி. ரொக்கமா வர்ற காசுக்கு அக்காகிட்ட எந்தத் தாளைக் காட்டுவேன்? மூணு வாரம் மறைச்சவன் சொல்ற கணக்கை அவ ஏன் நம்பணும்?

கார்த்திகையில பதிவு முடிஞ்சது. எக்ஸிகியூட்டரா நான் கையெழுத்துப் போட்டேன். வாங்குறவங்க கேட்டதால அக்காவும் சம்மதக் கையெழுத்துப் போட்டா. தனி அக்கவுண்ட்ல பணத்தைப் போட்டு, முதல்ல காரியச் செலவு, அப்பாவோட கடைசி ஆஸ்பத்திரிச் செலவு, அப்புறம் அவர் வாங்கியிருந்த ஒரு கைமாத்து, வீட்டு வரி பாக்கி, வில்லங்கச் சான்று, வக்கீல் பீஸ். சட்டமும் ஏறக்குறைய இதே வரிசைதான் சொல்லுது. இறுதிச் செலவு, கடன் எல்லாம் போகத்தான் பங்கு. எக்ஸெல் ஷீட்ல போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். "ஆட்டோ 140ன்னு போட்டிருக்க, ரசீது எங்க?"ன்னு கேட்டா. கிண்டலா நிஜமான்னு தெரியல. அந்த 140ஐ என் பங்குல கழிச்சுட்டேன்.

ஒட்டன்சத்திரத்துக்காரர்கிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். 43க்கு வர முடியுமான்னு கேட்டேன், முடியாதுன்னார். நான் குடுத்த வாக்கை மீறினேன். "பரவால்ல தம்பி, அக்கா பங்கு அக்காவுக்குத்தான் போகணும்"னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தார். அவருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கவே கூடாது. என்னுது இல்லாத ஒண்ணை வச்சுக் குடுத்த வாக்கு அது. அந்தக் கடன் எக்ஸெல்ல எந்த வரியிலயும் வரல.

இந்தப் பூசத்துக்கு, பழைய வீட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு டீக்கடை ஓரமா ஒரே ஒரு அண்டா வச்சிருந்தேன். பேனர் கட்டல, அதனால நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. மதியம் ரெண்டு மணிக்கே தீர்ந்துடுச்சு. படுக்க இடம் இல்லாததால நின்னபடியே குடிச்சுட்டுப் போனாங்க. அக்கா சொன்னபடியே வந்து இஞ்சி தட்டினா. கழுத்துல அம்மா சங்கிலி. உப்பு பத்தலன்னு என்னைத்தான் திட்டினா.

ஒட்டன்சத்திரத்துக்காரரும் அன்னைக்கு நடந்து வர்றதா யாரோ சொன்னாங்க. கூட்டத்துல தேடினேன், காணல. சாயந்திரம் போன் பண்ணேன், எடுக்கல. இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கணும்.